ஓரகத்திகள் ஏறிய ஹெலிகாப்டர்

சண்முகவள்ளிக்கும் அவள் ஓரகத்தி முருகம்மாளுக்கும் முப்பது வருடமாக ஒரு வழக்கு நடந்தது. நிலத்துக்காகவோ நகைக்காகவோ இல்லை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, நடுவில் ஒரு மண்சுவரை மட்டும் வைத்து வாழ்ந்த இருவரும் அந்த மாதிரி விஷயங்களில் விட்டுக்கொடுத்தே போனார்கள். வழக்கு, இருவரும் சேர்ந்து ஏறிய ஒரு ஹெலிகாப்டரைப் பற்றியது. அது எப்படி இருந்தது, எந்த வழியாகப் போனது, அதில் என்ன நடந்தது என்று ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி ஒத்துக்கொண்டதே இல்லை.

எழுபத்தெட்டாம் வருடம் கார்த்திகையில் அடித்த புயலில் நொச்சியேந்தல் தனித்துப் போனது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில், பஸ் ரோட்டிலிருந்து வரப்பில் நடந்து போய்ச் சேர வேண்டிய சின்ன ஊர் அது. விடிந்து பார்த்தபோது ஊர்க் கண்மாயின் கரை உடைந்து, நடவு வயலும் தெருவும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. ஜனங்கள் ஆடு மாடுகளோடு அய்யனார் கோயில் மேட்டுக்கும், அதை ஒட்டிய களத்துக்கும் ஏறிவிட்டார்கள். வயல் வேலையை விட்டால் வேறு தெரியாத குடும்பங்கள். நனைந்த நெல்லை என்ன செய்வது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வள்ளியின் கொழுந்தன் ராக்கப்பனின் மனைவிதான் முருகம்மாள். தலைப்பிரசவம். புயலடித்த அன்றைக்கே வலி எடுத்துவிட்டது. ஊர் மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை குறுக்க கிடக்கு, என் கையில ஒண்ணும் இல்ல" என்று ஒதுங்கிக்கொண்டாள். ராக்கப்பன் படகு தேடிக் கழுத்தளவு தண்ணீரில் போனவன் திரும்பி வரவில்லை. (பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மாடியில் பத்திரமாக இருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.) முருகம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வள்ளி உட்கார்ந்திருந்தாள். வள்ளிக்கும் அப்போது தவழத் தொடங்கியிருந்த ஆண்பிள்ளை ஒன்று இருந்தது. அதைக் கணவன் பால்சாமி தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருந்தான்.

அந்தச் சத்தத்தை வள்ளிதான் முதலில் கேட்டாள். இடி என்று நினைத்தாள். பிறகு யாரோ பம்பு செட்டு ஆயில் எஞ்சினை வெள்ளத்துக்குள் ஓட்டுகிறார்கள் என்று நினைத்தாள். ஓர் எஞ்சின் இல்லை, ஒரு மந்தை எஞ்சின். சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து அதிர்ந்தது. மேகத்துக்குக் கீழே அது வந்தபோது ஊரே எழுந்து நின்றது. முன்னால் மண்டை பெருத்து, பின்னால் வால் மெலிந்து, கண்மாய்க் கெளுத்தி ஒன்று ஆகாயத்தில் நீந்தி வருவதைப் போலிருந்தது. முதல் சுற்றில் சாக்கு மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, களத்து மேட்டில் இறங்கியது. வைக்கோல் படப்பு பறந்து ஜனங்களின் முகத்தில் அப்பியது.

சக்கரங்கள் ஈரத் தரையில் புதைந்ததால் எஞ்சினை நிறுத்தினார்கள். ஓட்டி வந்தவன் உச்சியிலிருந்து, பக்கவாட்டில் இருந்த மிதிகளில் கால் வைத்து, பனையிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கினான். சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். கூட வந்த ராணுவ உடைக்காரர்கள் இந்தியில் ஏதோ கேட்டார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. முருகம்மாளின் வயிற்றைக் காட்டியதும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பால்சாமி மனைவியிடம் சொன்னான்: "நீ கூடப் போயி அவளை ஏத்திவிட்டுட்டு வா. பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும்."

கயிற்றுக் கட்டிலோடு முருகம்மாளைத் தூக்கிப் போனார்கள். வள்ளி கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினாள். உள்ளே இருட்டு, பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. கட்டிலை உள்ளே விட முடியாமல் முருகம்மாளை மட்டும் தரையில் கிடத்தினார்கள். அவளுடைய சேலையைச் சரி செய்துவிட்டு வள்ளி எழுந்தபோது, ஒருத்தன் அவள் தோளை அழுத்தி ஓரத்துப் பலகையில் உட்கார வைத்தான்.

"நான் வரலைய்யா. பிள்ளை கீழ இருக்கு" என்றாள் வள்ளி.

அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. தலையை ஆட்டினான். கதவு சாத்தப்பட்டது.

முதலில் எஞ்சின் இருமியது. ஒரு தடவை இருமி நின்றது. மறுபடி இருமியது, வெளியே வெள்ளைப் புகை பம்மிக்கொண்டு போனது. அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள், தரை, சுவர், பலகை, வள்ளியின் பல், எல்லாம் ஒன்றாக நடுங்கின. மேலேயிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவள் புறங்கையில் விழுந்தது. வயிறு அடியில் இறங்க, உடம்பு மேலே போனது.

அந்த நேரத்தில் என்ன நினைத்தாள் என்று பிற்பாடு வள்ளி எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். பயந்தாளா? பயந்துதான் இருக்க வேண்டும். ஆனால் பயம் என்று சொன்னால் அது முழுவதும் உண்மை இல்லை என்று அவளுக்குத் தோன்றும். அந்தச் சத்தமும் அந்த நடுக்கமும் அவளைத் தூக்கி எங்கேயோ வைத்துவிட்டன. கீழே விட்டுவந்த பிள்ளையின் நினைப்பு, இறங்குகிற வரைக்கும் அவளுக்கு வரவே இல்லை. சந்தோஷமாக இருந்தாளா? ஊர் முழுகிக் கிடக்கிறது, பக்கத்தில் ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள், அப்போது யாருக்காவது சந்தோஷம் வருமா? அவளுக்கு அது எந்தக் காலத்திலும் விளங்கவில்லை.

கீழே தண்ணீர் தெரிந்தது. வெள்ளம் என்று நினைத்தாள். ஆனால் அந்த வெள்ளத்துக்குக் கரையே இல்லை, மரம் இல்லை, கூரை இல்லை. பச்சையாக, வெள்ளையாக மடிப்பு மடிப்பாக விரிந்து போய்க்கொண்டே இருந்தது. உலகம் முடிந்துவிட்டது போல என்று நினைத்தாள். பிறகு அந்தத் தண்ணீரின் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. கயிறு கட்டின மாதிரி நேரான கோடு. அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

ராமநாதபுரத்தில் ஒரு மைதானத்தில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் முருகம்மாளுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. தாய் கண் விழிக்காமல் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். வார்டில் நர்ஸ் ஒருத்தி வள்ளியின் நனைந்த ரவிக்கையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அந்தப் பச்சைப் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். தன் பிள்ளைக்கான பாலை வள்ளி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தண்ணீர் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் ஊருக்கு வந்தார்கள். பாதி வழியில் பஸ் நின்றுவிட, சேற்றில் நடந்து வந்து சேர்ந்தார்கள். பால்சாமி வாசலில் நின்றிருந்தான். அடுத்த தெருப் பெண்ணொருத்தி தன் பிள்ளையோடு சேர்த்து அவன் பிள்ளைக்கும் பால் கொடுத்துக் காப்பாற்றியிருந்தாள். வள்ளி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். பிள்ளை அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஏத்திவிட்டுட்டு வான்னுதானே சொன்னேன்" என்றான் பால்சாமி. கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசவும் இல்லை.

பிள்ளை அவளிடம் வருவதற்குச் சில நாள் ஆனது. வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. முருகம்மாளின் மகளுக்குக் குலதெய்வத்தின் பெயரில் சோணையம்மாள் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? பள்ளிக்கூடத்து வாத்தியார் உட்பட எல்லோருக்கும் அவள் 'கெலி'தான். கெலிகாப்டர் என்பதன் சுருக்கம்.

ஊரில் எல்லோரும் கதை கேட்டார்கள். வழக்கு அங்கேதான் தொடங்கியது.

வள்ளி சொன்னாள்: அது பச்சை நிறம். ஓட்டுகிறவன் மாடியில் உட்கார்ந்திருந்தான். பின்பக்கம் இரட்டைக் கதவு, பெட்டகத்தைத் திறக்கிற மாதிரி. அதன் வழியாகத்தான் முருகம்மாளை ஏற்றினோம். வழியில் கடலைப் பார்த்தேன். கடலுக்கு நடுவில் பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்தேன்.

முருகம்மாள் சொன்னாள்: அது வெள்ளி நிறம். பக்கத்துக் கதவு வழியாகத்தான் ஏற்றினார்கள். நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்து ஒரு ராணுவக்காரர் எழுந்து நின்று, தன் கம்பளிச் சட்டையைப் பொத்தான் பொத்தானாகக் கழற்றி என் மேல் போர்த்தினார். நேராக ராமநாதபுரம்தான் போனோம். கடலும் இல்லை, பாலமும் இல்லை. "அக்கா கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அய்யனாரு அய்யனாருன்னு முனங்கிக்கிட்டேல்ல வந்துச்சு."

"ஏத்தா, நீ மயக்கத்துல கிடந்தவ. உனக்கு என்ன தெரியும்?" என்பாள் வள்ளி.

"நோவுல கிடந்தவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பாள் முருகம்மாள்.

ஊர் முருகம்மாள் பக்கம் சாய்ந்தது. பிள்ளை பெற்றவள் அவள்தானே. அன்றைக்குக் கண்ணில் வைக்கோல் விழ நின்ற ஊர்க்காரர்களுக்கு அது எப்படி இருந்தது என்று சரியாக நினைவில்லை. அதுவும் போக, வள்ளி சொன்னது நம்புகிற மாதிரி இல்லை. கொஞ்ச வருடம் கழித்துத் தேர்தல் சமயத்தில் ராமநாதபுரத்துக்கு ஒரு கட்சிக்காரர் ஹெலிகாப்டரில் வந்தார். ஊரில் பாதிப் பேர் லாரியில் போய்ப் பார்த்தார்கள். கண்ணாடி மூக்கு, ஓட்டுகிறவன் முன்னால் உட்கார்ந்திருந்தான், மாடியும் இல்லை, மண்ணும் இல்லை. ஆர்.எஸ்.மங்கலத்தில் படித்த பையன்கள், ராமநாதபுரம் போகிற வழியில் பாம்பன் எங்கே வருகிறது என்று படம் போட்டே காட்டினார்கள். பாம்பன் கிழக்கே எங்கேயோ கிடந்தது. வள்ளி அந்தப் படத்தைப் பார்த்தாள். அவர்கள் சொல்வது சரிதான் என்று தோன்றியது. ஆனால் கண்ணை மூடினால் கோடு தெரிந்தது.

இலங்கையில் சண்டை தொடங்கிய பிறகு கரையோரம் கடற்படை ஹெலிகாப்டர்கள் பறப்பது வாடிக்கையாகிவிட்டது. சில நேரம் நொச்சியேந்தல் வரைக்கும் உள்ளே வந்து திரும்பும். களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார்கள். வள்ளி மட்டும் சத்தம் அடங்குகிற வரைக்கும் நிற்பாள். இது சீட்டி அடிப்பது போல, மெல்லிசாக இருந்தது. அது அப்படி இல்லை. அது இருமியது, செருமியது, மனுஷன் மாதிரி மூச்சு வாங்கியது. இல்லை, அப்படித்தான் இருந்ததா? வருடம் ஏற ஏற அதுவும் சந்தேகமாகிவிட்டது. வயலில் பால்சாமி ஆயில் எஞ்சினைச் சுற்றிவிடும்போது அவள் பக்கத்தில் போய் நிற்பாள். அது இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடிக்கிற அந்த நேரத்துக்காகத்தான்.

"என்னத்தா இங்கன வந்து நிக்கிறே?" என்பான் பால்சாமி.

"சும்மாதான்" என்பாள். ஆயில் எஞ்சினின் சத்தத்தைத்தான் ஹெலிகாப்டருக்குப் போட்டு நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று அவளுக்கு இருக்கும்.

கெலி வளர்ந்தாள். வேறு யாரிடமும் இல்லாத ஒட்டுதல் அவளுக்குப் பெரியம்மாவிடம் இருந்தது. முருகம்மாளும் அதை ஒரு நாளும் தடுத்ததில்லை. ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில் முத்தழகு என்ற வேன் டிரைவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ராமேஸ்வரத்துக்கு வருகிற யாத்திரைக்காரர்களை ஏற்றி இறக்குவது முத்தழகின் பிழைப்பு. பெண்ணைக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் வள்ளி முதல் முறையாகத் தீவுக்குப் போனாள்.

பாம்பன் ரோட்டுப் பாலத்தின் உச்சியில், எல்லோரும் பார்க்கட்டும் என்று முத்தழகு வேனை ஓரங்கட்டினான். வள்ளி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, ரயில் பாலம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. கீழே பாம்பன் படகுகள் கிடந்தன, கருவாட்டு வாடை காற்றில் வந்தது. 

"இதுதான்" என்றாள். "முருகு, இதுதான் நான் பாத்தது."

முருகம்மாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். "அக்கா, இதை இப்பத்தான் பாக்குறே. பாத்துட்டு அன்னைக்குப் பாத்தேன்னு சொல்றே."

"இல்லத்தா. அன்னைக்கே கோடு மாதிரி..."

"அன்னைக்குப் பாத்தது கோடுதானே? பாலம்னு யாரு சொன்னா?"

வள்ளி யோசித்தாள். பாலம் என்று தனக்கு யார் சொன்னார்கள்? ஆஸ்பத்திரியில் யாராவது சொல்லியிருப்பார்களோ? தண்ணீருக்கு நடுவில் இருக்கிற கோடு பாம்பன் பாலமாகத்தான் இருக்கும் என்று ஊர்க்காரர்கள் சொல்லி, அதைத் தானும் பிடித்துக்கொண்டோமோ? உடைந்த கண்மாய்க் கரையில் மிச்சமிருந்ததே அந்தக் கோடாக இருக்கலாமே? வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். சம்பந்தி வீட்டில் பரிமாறிய மீன் குழம்பு அவளுக்கு ருசிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம் தை மாதத்தில் முத்தழகு நொச்சியேந்தலுக்கு வந்தான். வந்ததும் வராததுமாக வள்ளியைத் தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

"அத்தை, நீங்க சொல்வீகள்ல, மாடியில உக்காந்து ஓட்டுற ஹெலிகாப்டரு? ஒண்ணைப் பாத்துட்டு வாரேன்."

வள்ளி துணி அலசிக்கொண்டிருந்தாள். "என்ன மாப்ள சொல்றீக?"

"மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பிள்ளைகளை ராமேஸ்வரம் கூட்டிட்டு வந்து திருப்பிக் கொண்டுபோயி விட்டேன். அங்கன தோட்டத்துக்குள்ள நிப்பாட்டி வச்சிருக்காக. பட்டாளத்துலயிருந்து கழிச்சுவிட்டதாம். மண்டை பெருசு. ஓட்டுறவரு சீட்டு மேல இருக்கு. பின்னால ரெட்டைக் கதவு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முருகம்மாளின் குரல் வந்தது. "என்ன கலரு மாப்ள?"

"வெள்ளையும் நீலமுமா இருக்கு அத்தை. காலேஜ்காரக அடிச்ச பெயிண்டு."

 அடுத்த வாரம் முத்தழகின் வேனில் இருவரும் கெலியோடு புறப்பட்டுப் போனார்கள். பால்சாமியையும் கூப்பிட்டார்கள். "நான் அதைக் கீழேயிருந்தே பாத்துட்டேன். இன்னும் என்னத்தைப் பாக்க" என்று சொல்லி அவன் வரவில்லை.

காலேஜில் அந்த ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொள்கிறவர் ராமசுப்பிரமணியன் என்ற பெரியவர். விமானப்படையில் இதே சாதி ஹெலிகாப்டரைப் பழுது பார்த்து, ஓய்வு பெற்று, இங்கே வேலைக்கு வந்தவர். பார்க்க வந்திருப்பது இரண்டு கிராமத்துப் பெண்கள் என்றதும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "வாங்கம்மா, வாங்க" என்று வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப் போனார்.

வள்ளி நின்றுவிட்டாள். கெளுத்திதான். ஆனால் இவ்வளவு சின்னதா? அவள் மனதில் அது அய்யனார் கோயிலை விடப் பெரியதாக இருந்தது. இது ஒரு வைக்கோல் லாரியை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். இறக்கைகள் தளர்ந்து தொங்கின. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது.

"எஞ்சினைத் தனியாக் கழட்டி வச்சிருக்கோம், பிள்ளைங்க படிக்கிறதுக்கு" என்று ராமசுப்பிரமணியன் ஒரு தகரக் கொட்டகைக்குள் கூட்டிப் போனார். வட்டமாக, ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு அடுக்குச் சிலிண்டர்கள், பூவிதழ் விரித்த மாதிரி. "இப்பப் பறக்குறதெல்லாம் டர்பைன் எஞ்சின்மா. சீறிக்கிட்டுப் போகும். இது பிஸ்டன். உங்க ஊர் ஆயில் எஞ்சினுக்குப் பெரியப்பன்னு வச்சுக்குங்க. பெட்ரோல்ல ஓடும். குளிர்ல கிளம்பவே கிளம்பாது, கெஞ்சணும். கிளம்பிடுச்சுன்னா அதுமாதிரி சத்தம் இந்த உலகத்துல கிடையாது. எண்ணெய் மட்டும் எங்கிட்டாவது ஒழுகிக்கிட்டே இருக்கும். ஒழுகலைன்னாத்தான் நாங்க பயப்படுவோம்." அவர் சிலிண்டர் ஒன்றைத் துணியால் துடைத்தபடியே பேசினார்.

வள்ளி ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா?"

"கேட்டேன்" என்றாள் முருகம்மாள். பிறகு அவரிடம், "சார், இது மொதல்ல என்ன கலரு?" என்று கேட்டாள்.

"அது சொல்ல முடியாதும்மா. பச்சையாவும் இருந்துச்சு, பெயிண்டே இல்லாம தகர நிறத்துலயும் இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு தடவையா மாத்தியிருப்பாங்க? புயலுக்கு வந்ததுன்னா ஒண்ணு மட்டும் வந்திருக்காது. மூட்டை போட்டது ஒண்ணா இருக்கும், உங்களை ஏத்துனது வேற ஒண்ணா இருக்கும்."

 இரண்டும் ஒன்று என்றுதான் வள்ளி இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவள் பார்த்த பச்சை எது? மூட்டை போட்டதா, தூக்கிப் போனதா?

"கடல் மேல போச்சுதான்னு கேளுங்க பெரியம்மா" என்றாள் கெலி.

"போயிருக்கலாம்" என்றார் அவர். "காத்து எப்படி அடிச்சுச்சோ, வேற எங்கயும் ஜனங்க மாட்டியிருக்காங்களான்னு பாக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சோ. அதை அந்த பைலட்தான் சொல்லணும். நான் அந்தப் புயலுக்கு வரலைம்மா. நான் அப்ப வடக்கே இருந்தேன்."

பின்பக்க இரட்டைக் கதவைத் திறந்துவிட்டார். பக்கத்திலும் ஒரு கதவு இருந்தது. முருகம்மாள் அதைத் தட்டிக் காட்டி, "இதுதான் நான் சொன்னது" என்றாள். இரண்டு கதவுமே இருந்ததால் யாரும் ஜெயிக்கவில்லை.

உள்ளே ஏறினார்கள். இருட்டு. பெட்ரோல் நெடி கொஞ்சமும் இல்லை. பெயிண்டும் புழுதியும்தான் மணத்தது. வள்ளி ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் வட்ட ஜன்னல். கழுத்தை ஒடித்துத் திருப்பினால் வேப்பமரத்தின் கிளை தெரிந்தது. எவ்வளவு எட்டினாலும் நேர்கீழே இருக்கிற தரை தெரியவில்லை.

"இங்கன உக்காந்து எப்படிக்கா கடலைப் பாத்தே?" என்றாள் முருகம்மாள்.

"கீழ தெரிஞ்சுச்சு முருகு. நேரா கீழ. காலுக்கு அடியில ஓடுன மாதிரி."

 முருகம்மாள் என்ன நினைத்தாளோ, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த இரும்புத் தரையில் மெதுவாகப் படுத்தாள். "அம்மா, எதுக்கும்மா?" என்று கெலி பதறினாள். முருகம்மாள் அன்றைக்குப் படுத்த மாதிரியே கதவுப் பக்கம் தலையை வைத்து, ஒருக்களித்தாள். ராமசுப்பிரமணியன் இரட்டைக் கதவை வெளியிலிருந்து சாத்தினார். இரண்டு கதவுகளும் ஒன்று சேர்கிற இடத்தில், அடியில், கை நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு.

"அவசரத்துல இதைச் சரியாச் சாத்தாமக்கூடப் பறந்திருக்கோம்" என்று வெளியிலிருந்து அவர் குரல் வந்தது.

முருகம்மாள் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். 

"என்னத்தா தெரியுது?" என்றாள் வள்ளி.

"புல்லு தெரியுதுக்கா. நேரா கீழ." அவள் குரல் மாறியிருந்தது. "இங்கன படுத்தாத்தான் கீழ தெரியும். உக்காந்தவுகளுக்குத் தெரியாது."

வள்ளிக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு மெல்ல மெல்ல உறைத்தது. ஆஸ்பத்திரியில் முருகம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது ஓயாமல் பிதற்றினாளே, கீழ தண்ணி, கீழ தண்ணி என்று. அவள் வாயிலிருந்து வந்ததைத்தான் தான் கண்ணால் பார்த்ததாக எடுத்துக்கொண்டோமா? அப்படியென்றால் முப்பது வருடமாகத் தன் மனதில் ஓடுகிற கடல் இவளுடையதா?

"நீ பாத்தியா முருகு? கடலை நீயா பாத்தே?"

"எனக்குத் தெரியலையே அக்கா. எனக்கு ஞாபகத்துல சட்டை கழட்டுனவருதான் இருக்காரு. பொத்தான் பொத்தானாக் கழட்டுனாரு."

"அவரு எங்கன நின்னாரு?"

முருகம்மாள் படுத்தபடியே கையைக் காட்டினாள். கை அவள் கால்மாட்டைத் தாண்டி, ஓட்டுகிறவர்களின் பக்கமாகப் போனது. இடுக்கைப் பார்த்துக்கொண்டு படுத்தவளுக்குக் கண்ணில் படாத இடம் அது. பலகையில் உட்கார்ந்தவளுக்கு நேர் எதிரில் இருந்தது. இருவருமே அந்தக் கையைப் பார்த்தார்கள். முருகம்மாள் கையை இறக்கிக்கொண்டாள்.

"அதை நான் உனக்குச் சொன்னேனோ?" என்றாள் வள்ளி. சொல்லியிருப்பாளா? மேலே கம்பளிச் சட்டையோடு கண் விழித்தவள் இது ஏது என்று கேட்டிருப்பாள். யாராவது சொல்லித்தானே இருக்க வேண்டும். வள்ளி அந்தச் சட்டைக்காரரின் முகத்தை யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மீசை இருந்ததா, இல்லையா, அதுகூட வரவில்லை.

கெலி தன் அம்மாவைத் தூக்கிவிட்டாள். இறங்கும்போது ஓரகத்திகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வள்ளி அந்தத் தகரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வெயிலில் அது சுட்டது. இதுதான் அதுவா, இல்லை அதனுடைய தம்பியா தங்கையா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை.

"இதைக் கிளப்ப முடியாதா சார்?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா" என்றார் ராமசுப்பிரமணியன். "எனக்கும் ஆசைதான்."

திரும்பி வரும்போது வேனில் இருவரும் சண்டை போடவில்லை. முத்தழகுக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. மானாமதுரை தாண்டியதும் முருகம்மாள், "அக்கா, உனக்குச் சட்டைக்காரரு ஞாபகம் வந்தாச் சொல்லு" என்றாள். "உனக்குப் பாலம் ஞாபகம் வந்தா நீ சொல்லு" என்றாள் வள்ளி. அதற்குப் பிறகு ஊரில் யாராவது ஹெலிகாப்டர் கதை கேட்டால், இருவரும் ஒருவரையொருவர் கை காட்டத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலையில் பால்சாமி கஞ்சியைக் குடித்துவிட்டு, வயலுக்குக் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான். வயது அவனையும் மெதுவாக்கியிருந்தது.

"அதுதானா?" என்றான்.

"தெரியலைங்க. போறதுக்கு முந்தி தெரிஞ்சது கூட இப்பத் தெரியலை." வள்ளி நடந்ததை எல்லாம் சொன்னாள். இடுக்கையும் சொன்னாள், சட்டையையும் சொன்னாள்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "கிளம்புனதும் நேராப் போகலை அது" என்றான். "கோயில் மேட்டை ஒரு சுத்து சுத்துச்சு. தாழ்வா. நான் பிள்ளையத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுனேன்."

வள்ளி அவனையே பார்த்தாள். "இதை நீங்க சொன்னதே இல்லையே."

"நீங்க ரெண்டு பேரும் பேசுனதுல எனக்கு எங்க இடம் இருந்துச்சு? யாரும் கேக்கவும் இல்ல." துண்டை உதறித் தோளில் போட்டான். "ஜன்னல்ல ஒரு கை ஆடுச்சு. நீதான்னு நெனச்சுக்கிட்டேன். அதுலதான் மனசு ஆறிப்போயி இருந்தேன்."

வள்ளி தன் கையைப் பார்த்தாள். கையை ஆட்டினோமா? அந்த வட்ட ஜன்னல் வழியாகக் கீழே இருந்த பிள்ளையைப் பார்த்தோமா? பார்த்திருந்தால் எப்படி மறக்கும்? முருகம்மாளால் எழுந்திருக்க முடிந்திருக்காது. அந்த ராணுவக்காரர்களில் ஒருவராக இருக்கலாம். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். எஞ்சின் சத்தம் மட்டும்தான் வந்தது.

"நான்தானாங்க அது?" என்று கேட்டாள்.

பால்சாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். "நீயாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனான்.